பெயர் சொல்லாதவளின் ஓட்டு

இங்கிலாந்தை நான் பார்த்ததில்லை. எங்கள் ஸ்டேஷனில் ரயிலேறி மணவூரைத் தாண்டிச் சென்னைப் பக்கம் போனதே வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான். ஆனால் நாற்பதுகளில் திருத்தணியில் அந்த நாட்டுப் பார்லிமெண்டைப் பற்றி என்னைவிட அதிகம் பேசியவன் கிடையாது என்று தைரியமாகச் சொல்வேன். உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியார். இந்திய சரித்திரத்துக்கு வாரத்தில் எத்தனை மணியோ, இங்கிலீஷ் சரித்திரத்துக்கும் கிட்டத்தட்ட அத்தனை மணி. முதலாவதைப் பாடமாக நடத்தினேன். இரண்டாவதைப் பக்தியோடு நடத்தினேன். எங்களை ஆளுகிறவர்கள் போக வேண்டும் என்று மனதார விரும்பியவன்தான் நான். அவர்கள் போகும்போது அந்தப் பார்லிமெண்டை மட்டும் விட்டுவிட்டுப் போனால் தேவலை என்பது என் ஆசை.

போர் முடிகிற வருஷத்தில் அங்கே தேர்தல் நடந்தது. போரை ஜெயித்துக் கொடுத்த தலைவரையே ஜனங்கள் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரயிலில் வந்த இங்கிலீஷ் பேப்பரை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தேன். அன்று பாடம் வேறு. அதை ஒதுக்கிவைத்துவிட்டு இதைச் சொன்னேன். தோற்றவரை ஜெயிலில் போட்டுவிட்டார்களா என்று ஒரு பையன் கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. தோற்ற ராஜாவை என்ன செய்வார்கள் என்று நாங்கள்தானே அவனுக்கு அதுவரை பாடம் நடத்தியிருந்தோம். இல்லையப்பா, அதே சபையில் எதிர்ப் பக்கத்துப் பெஞ்சில் உட்காருவார், புது மந்திரிகளைக் கேள்வி கேட்பார், அப்படிக் கேட்பதற்கு அவருக்கு அரசாங்கமே சம்பளமும் கொடுக்கும் என்றேன். தன்னைத் திட்டுவதற்கு ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் அரசாங்கம் என்று கரும்பலகையிலும் எழுதிப் போட்டேன். பையன்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்து மணியடிக்கும் முன்பே பாடத்தை முடித்துவிட்டேன்.

என் பக்தியைக் கிண்டல் செய்ய ஊரில் ஒருவர் இருந்தார். கடைவீதியில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய். போர்க் காலத்தில் அரக்கோணத்தில் பட்டாள லாரிகளைப் பழுதுபார்க்கப் போயிருந்தவர். அங்கே ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயோடு அரைகுறை இங்கிலீஷிலும் இந்துஸ்தானியிலும் பழகியிருந்தார். என் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் நேரத்தில், நான் காலையில் பள்ளியில் கட்டிய கோபுரத்திலிருந்து இரண்டு செங்கல்லை உருவிவிடுவார்.

அந்தச் சிப்பாய்க்கு அவன் ஊரிலிருந்து ஓட்டுச் சீட்டு தபாலில் வந்ததாம். அவன் அதை மடித்து அனுப்பிவிட்டு, இது வீண் என்றானாம். அவன் ஊரில் அவன் கட்சி எந்தக் காலத்திலும் ஜெயித்ததில்லையாம். அவனைப் போன்றவர்களின் ஓட்டை எண்ணி ஓரமாக வைத்துவிடுவார்களாம். பட்டம் வாங்கியவனுக்கு அங்கே இரண்டாவதாக ஓர் ஓட்டு உண்டாம். மேல் சபையில் அப்பனுக்குப் பிறகு பிள்ளை வந்து உட்கார்ந்துகொள்வானாம். இதெல்லாம் எனக்கும் தெரியும். சண்டை நடக்கிறதென்று சொல்லி அந்தப் பார்லிமெண்ட் தன் ஆயுளைத் தானே நீட்டிக்கொண்டு பத்து வருஷம் தேர்தலே இல்லாமல் இருந்ததும் தெரியும். வகுப்பில் நான் அந்தப் பக்கங்களைக் கொஞ்சம் வேகமாகப் புரட்டிவிடுவேன், அவ்வளவுதான்.

"அதெல்லாம் போவட்டும் வாத்தியாரே," என்றார் பாய் ஒருநாள். "நம்மள சண்டைக்கு இஸ்துகினு போறதா வேணாமான்னு பேசுற எடம் அது. அங்க நமக்கு ஒரு பெஞ்சாவது போட்டிருக்கானா?"

பதில் இல்லாத கேள்விகளுக்கு நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். இதெல்லாம் படித்தால்தான் புரியும் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன். பாதி வழியில் எனக்கே வெட்கமாக இருந்தது.

மறு வருஷம் எங்களுக்கும் ஒரு தேர்தல் வந்தது. எங்கள் ஊர் அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. மாகாணச் சட்டசபைக்கு ஆள் அனுப்ப வேண்டும். எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. வரி கட்டுகிறவன், நிலம் உள்ளவன், எழுதப் படிக்கத் தெரிந்தவன், பட்டாளத்திலிருந்து திரும்பியவன் என்று ஒரு சல்லடை. கழனியில் கூலிக்கு இறங்குகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அந்தச் சல்லடையின் மேல்பக்கமே தங்கிவிட்டார்கள். பாய்க்கு ஓட்டு உண்டு, ஆனால் அவர் மதத்தாருக்குத் தனிப் பட்டியல், தனி வேட்பாளர். பெண்களில் சிலருக்கு உண்டு. அந்தச் சிலரில் ஒரு வகை, போரில் செத்த சிப்பாயின் பென்ஷன் வாங்கும் மனைவி.

அப்படி ஒருத்தி எனக்குத் தெரிந்தவள். அம்மையார்குப்பத்து நெசவு வீட்டில் பிறந்து எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். போர்க் காலத்தில் நூல் கிடைக்காமல் தறிகள் நின்றபோது அவள் புருஷன் வேறு வழியில்லாமல் பட்டாளத்தில் சேர்ந்தார். பர்மாப் பக்கம் எங்கோ சண்டையில் இறந்துவிட்டார் என்று கடிதம் வந்தது. அதன்பிறகு அவள், கிடைத்த நூலில் பிறந்த வீட்டில் நெய்த துண்டுகளைக் கொண்டுவந்து, மலையடிவாரக் குளத்தருகே, மொட்டை போட்டுக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு கரையேறுகிறவர்களுக்கு விற்றுப் பிழைத்தாள். என் வீட்டுத் துண்டுகளெல்லாம் அவளிடம் வாங்கியவைதான்.

பென்ஷனுக்கு மனு எழுத அவள் என்னிடம்தான் வந்தாள். புருஷன் பெயர் என்னவென்று கேட்டேன். வாயால் சொல்லாமல் பட்டாளத்துக் கடிதத்தை நீட்டி, அதில் இருக்கிறதென்று கைகாட்டினாள். எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரைச் சொல்லும் பெண்ணை நான் பார்த்ததில்லை. சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பார்கள். என் மனைவியும் என்னை 'இந்தாங்க' என்றுதான் கூப்பிடுவாள். ஆகவே எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. கடிதத்தைப் பார்த்து எழுதினேன். தாலுகா ஆபீசிலிருந்து மனு மூன்று முறை திரும்பி வந்தது. மூன்று முறையும் அந்தப் பெயரை என் கையால் எழுதினேன்.

ஓட்டர் பட்டியலில் அவள் பெயரைச் சேர்க்கச் சொன்னவனும் நான்தான். ஓட்டு என்றால் என்னவென்று கேட்டாள். ஜமீன்தார் போடும் சீட்டும் நீ போடும் சீட்டும் பெட்டிக்குள் ஒரே எடை, யார் ஆள வேண்டும் என்று உன்னையும் கேட்கிறார்கள் என்றேன். அவள் கையிலிருந்த துண்டை மடித்தபடியே யோசித்தாள். இதுவரை சர்க்கார் அவளிடம் கைநாட்டைத்தான் கேட்டிருக்கிறது, அபிப்பிராயம் கேட்டதில்லை.

"அடுத்தவன் சண்டைக்கு நம்ப ஆளுங்கள அனுப்ப மாட்டோம்னு சொல்றவங்க பொட்டி எதுங்க ஐயா? அதுல போடறேன்," என்றாள்.

அதை நான் சொல்லக் கூடாது, நீயே விசாரித்துக்கொள் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அதற்குள் என்னை ஓட்டுச் சாவடி அதிகாரியாகப் போட்டிருந்தார்கள். ரகசிய ஓட்டு, நடுநிலை எல்லாம் எனக்கு உபவாச விரதம் மாதிரி. அவள் யாரிடம் விசாரித்தாளோ தெரியாது, விசாரித்துத் தெரிந்துகொண்டாள்.

ஓட்டு நாள் கிருத்திகையில் வந்து விழுந்தது. மலையில் நல்ல கூட்டம். எங்கள் பள்ளிக்கூடமே சாவடி. பெண்கள் பக்கத்துக்கு அரக்கோணத்திலிருந்து ஒரு டீச்சரம்மா வருவதாக இருந்தது. அவர் வராததால் அந்த அறையையும் என் தலையில் கட்டினார்கள். மறைப்புத் தட்டிக்குப் பின்னால் நிறம் நிறமாய்க் காகிதம் ஒட்டிய பெட்டிகள், வேட்பாளருக்கு ஒரு நிறம். மேஜைமேல் பட்டியல், சீட்டுக் கட்டு, அரக்கு, மெழுகுவத்தி, சாவடி அதிகாரிகளுக்கான விதிப் புத்தகம். விதிகளைப் படித்துப் புரிந்துகொண்டேன் என்று முதல் நாளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். படிக்கவில்லை. இருபது வருஷமாக இங்கிலீஷ் பார்லிமெண்டைப் பாடம் நடத்துகிறவன் இதையும் படிக்க வேண்டுமா என்ற திமிர்.

காலையில் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. பெண்கள் வந்தார்கள், தங்கள் பெயரைச் சொன்னார்கள். புருஷன் பெயர் கேட்டால் தலையைக் குனிந்தார்கள். வரிசையில் பின்னால் நிற்பவள் எடுத்துக் கொடுப்பாள். எங்கள் ஊரில் அதில் இன்னொரு சங்கடமும் உண்டு. மலைமேல் இருப்பவருக்கு எத்தனை பெயர் உண்டோ அத்தனையும் எங்கள் தெருக்களில் வேட்டி கட்டிக்கொண்டு நடமாடின. பெண்களில் பாதிக்கு அவருடைய தேவியரின் பெயர். ஆகவே பட்டியலின் ஒரு பக்கத்தைத் திருப்பினால் ஒரே பெயர் நான்கு தரம் இருக்கும். புருஷன் பெயரை வைத்துத்தான் யார் எவள் என்று பிரிக்க முடியும்.

பத்தரை மணிக்கு ஒருத்தி இன்னொருத்தியின் ஓட்டைப் போட்டுவிட்டுப் போனது தெரிந்தது. பின்னால் நின்றவள் தப்பான பெயரை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு வேட்பாளரின் ஏஜெண்ட் மேஜையைத் தட்டினார். எனக்கு அவமானமாகப் போயிற்று. இனிமேல் யாரும் யாருக்கும் எடுத்துக் கொடுக்கக் கூடாது, அவரவர் வாயால் அவரவர் புருஷன் பெயரைச் சொன்னால்தான் சீட்டு என்று எழுந்து நின்று அறிவித்தேன். இரண்டு ஏஜெண்டுகளும் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் இருவரும் அன்று முழுதும் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். அதற்காக நான் பெருமைப்படவும் செய்தேன்.

அதன்பிறகு படித்த பெண்கள் சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார்கள். சிலர் வரிசையை விட்டு விலகி வீட்டுக்குப் போனார்கள். போகிறவர்களை நான் எண்ணவில்லை.

பதினொன்றரைக்கு அவள் வந்தாள். கிருத்திகை நாளில், துண்டு நன்றாக விற்கிற நேரத்தில், மூட்டையைக் கட்டிவைத்துவிட்டு, வெளுத்த புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தெரிந்த ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்ற நிம்மதி. தன் பெயரைச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் அதே பெயரில் நான்கு பேர். புருஷன் பெயர் என்னவென்று கேட்டேன்.

"மலமேல இருக்குறவரு பேருதாங்க ஐயா," என்றாள்.

அது நான்கு புருஷர்களுக்குமே பொருந்தும். எந்தப் பெயர் என்று சொல்ல வேண்டும் என்றேன். அவள் சிரித்தாள், நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"நீங்கதானங்க ஐயா எழுதினீங்க. மூணு வாட்டி எழுதினீங்களே."

காலையில் மேஜையைத் தட்டிய ஏஜெண்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சாருக்குத் தெரிஞ்ச அம்மாவா? தெரிஞ்சவங்களுக்கு ஒரு சட்டம்னா நானும் எனக்குத் தெரிஞ்சவங்களக் கூட்டிக்கினு வரேன் சார்."

நல்லவன் என்று பெயரெடுக்க நினைப்பவனை அடிக்க இதைவிட நல்ல தடி கிடையாது. அவள் எனக்குத் தெரிந்தவள் என்பதாலேயே மற்றவர்களிடம் இருந்ததைவிடக் கடுமையாக அவளிடம் நடந்துகொண்டேன். அது நடுநிலை என்று அன்று நினைத்தேன். பயம் என்று பிறகுதான் புரிந்தது. பட்டியலில் என் விரல் அவளுடைய வரியின் மேலேயே இருந்தது. அந்தப் பெயரும் விரலுக்கடியில் இருந்தது.

மற்ற ஏஜெண்ட் கொஞ்சம் இரக்கம் உள்ளவர். ஆள்தான் போய்விட்டாரே அம்மா, இனிமேல் சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பூட்டாருன்னு கடுதாசிதாங்க வந்துது. ஆளு வரல. ஊருக்கோசரம் தாலியக் கயட்டி எல்லாம் பண்ணிக்கினேன். இந்த வாயால பேரச் சொல்லிட்டன்னா அவரு இல்லேன்னு ஆயிடுங்க."

எனக்குச் சொல்ல ஒரு வாக்கியம்தான் இருந்தது. வகுப்பில் பலமுறை சொல்லிப் பழகிய வாக்கியம். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா," என்றேன்.

அவள் தட்டிக்குப் பின்னால் இருந்த பெட்டிகளின் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு பின்னால் நிற்பவளுக்கு வழிவிட்டு வெளியே போனாள். அழவில்லை, அழுதிருந்தால் எனக்கு உறைத்திருக்கும். நான் அடுத்த பெயரைக் கேட்டேன்.

சாயங்காலம் நாலரை மணி இருக்கும். ஒருத்தியின் சீட்டு கிழிந்துபோய்விட்டது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று பார்க்க விதிப் புத்தகத்தை முதல் தடவையாகத் திறந்தேன். கிழிந்த சீட்டைத் தேடப்போன இடத்தில் இது கண்ணில் பட்டது. வந்தவர் யார் என்று சந்தேகம் வந்தால் அதிகாரி செய்ய வேண்டியது: பட்டியலில் உள்ள பதிவை முழுக்க வாசித்து, அந்த நபர் நீங்கள்தானா என்று கேட்க வேண்டும். அவர் ஆமாம் என்றால் சீட்டைக் கொடுக்க வேண்டும். பொய் சொன்னால் தண்டனை தனியே இருக்கிறது.

அவ்வளவுதான். வாசிக்க வேண்டியவன் நான். அவள் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. இங்கிலாந்துச் சாவடிகளிலும் இப்படித்தான் கேட்பார்களாம்; அங்கிருந்து வந்த விதிதான் இது. பிரபுக்களுக்கும் பட்டதாரிகளுக்கும் தனிச் சலுகை கொடுத்த நாடு, பெண்களை ஓட்டுக் கேட்டதற்காக ஜெயிலில் தள்ளிய நாடு, எங்களுக்கு ஒரு பெஞ்சு போடாத நாடு. அதே நாட்டில் யாரோ ஒரு குமாஸ்தா, ஓட்டுப் போட வருகிறவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, அவர் வாயிலிருந்து ஆமாம் ஒன்று வந்தால் போதும் என்று எழுதி வைத்திருக்கிறான். அந்த நாட்டில் நான் கும்பிட்டதெல்லாம் பெரிய பெரிய விஷயங்களை. உண்மையிலேயே கும்பிட வேண்டியது இந்த நாலு வரி. அதைக் காலை ஏழு மணியிலிருந்து முழங்கைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

ஐந்து மணிக்குச் சாவடி மூட வேண்டும். நான் எழுந்து போக முடியாது. பள்ளிக்கூடப் பியூனைக் கூப்பிட்டு, என் சைக்கிளை எடுத்துக்கொள், குளத்தருகே இருப்பாள், பெயர் சொல்ல வேண்டியதில்லை என்று சொல்லி உடனே அழைத்து வா என்றேன். அவன் போன பிறகு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தவர்களுக்குச் சீட்டைக் கொடுத்தேன். பதிவை வாசித்து, நீங்கள்தானா என்று கேட்டுக் கொடுத்தேன். ஒவ்வொருத்தியும் ஆங் என்று வாங்கிக்கொண்டு போனாள். ஏஜெண்டுகள் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். புத்தகத்தை அவர்கள் பக்கம் தள்ளினேன்.

பத்து நிமிஷம் இருக்கும்போது பியூன் தனியாகத் திரும்பி வந்தான். தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"வரமாட்டேங்குது சார். ஐயாவுக்கு என்னை அடையாளம் தெரியல, அடையாளம் தெரியாதவங்க கூப்ட்டா நான் எப்பிடி வர்றதுன்னு கேக்குது."

ஐந்து மணிக்குப் பெட்டிகளுக்கு அரக்கு வைத்தேன். விதிப்படி எல்லாம் நடந்தது என்ற தாளில் கையெழுத்தும் போட்டேன். அந்தக் கையெழுத்து எங்காவது ஒரு ரிகார்டு ரூமில் இன்றும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவளிடம் எதையும் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"நான் வந்திருந்தா என்னையும்தான் திருப்பி அனுப்பியிருப்பீங்க," என்றாள்.

எழுதப் படிக்கத் தெரிந்தவள் அவள். மனு போட்டிருந்தால் அவளுக்கும் ஓட்டு இருந்திருக்கும். ஊரில் யார் யாருக்கோ மனு எழுதிக் கொடுத்தவன், வீட்டில் கேட்கவே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அன்று நான் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை.

முடிவு வந்தபோது ஜெயித்தவர் நிறைய வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். பாய் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டே, அந்த ஓர் ஓட்டால் எண்ணிக்கையில் ஒன்றும் மாறவில்லையே என்றார். எனக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அவர் கிண்டல் செய்திருந்தால் தாங்கியிருப்பேன். எண்ணிக்கையைப் பற்றி நானும் பிறகு நிறைய யோசித்தேன். ஜெயிப்பது தோற்பது எண்ணிக்கையில் இருக்கலாம். ஆனால் குளத்தருகே துண்டு விற்கும் ஒருத்தியை, உன் அபிப்பிராயம் என்ன என்று ஒருநாள் கேட்கிறார்களே, அதற்கு எண்ணிக்கை கிடையாது. கேட்டுவிட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பினால், கேட்காமலே இருந்ததைவிட அது மோசம். அதன்பிறகு இரண்டு வருஷம் நான் துண்டைக் கடையில் வாங்கினேன். குளத்துப் பக்கம் போகவே இல்லை.

சுதந்திரம் வந்தது. அதற்கு மறு வருஷம் புதுப் பட்டியல் எடுக்க உத்தரவு வந்தது. இந்தத் தடவை சல்லடை இல்லை. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. வரி வேண்டாம், நிலம் வேண்டாம், படிப்பு வேண்டாம். இங்கிலாந்தில் படிப்படியாக, தவணை தவணையாகக் கொடுத்ததை இங்கே ஒரே மூச்சில் கொடுக்கப்போகிறார்கள் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. வாத்தியார்களை வீடு வீடாக அனுப்பினார்கள். என் வீட்டில் தொடங்கினேன். முதலில் என் மனைவியின் பெயரை எழுதி, பிறகு என் பெயரை எழுதினேன். எனக்குக் கிடைத்த தெருக்களில் அவள் தெருவும் ஒன்று.

அவள் கூடத்தில் உட்கார்ந்து துண்டுகளை டஜன் டஜனாகக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஒரு பாயைப் போட்டாள். நான் உட்காரவில்லை. அன்றைக்குத் தப்பு என்னுடையது, சட்டத்தில் அப்படி இல்லை, நான்தான் உன் பதிவை வாசித்திருக்க வேண்டும், நீ ஆமாம் என்று சொன்னால் போதும் என்று சொன்னேன். இரண்டு வருஷமாக மனதில் ஒத்திகை பார்த்த பேச்சு. வாயில் வந்தபோது அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அவள் அடுத்த டஜனைக் கட்டினாள்.

எதையும் அவளிடம் கேட்காமல் தாளில் எழுதினேன். அவள் பெயர் எனக்குத் தெரியும். வயது உத்தேசமாகத் தெரியும். புருஷன் பெயரும் தெரியும். நான்காவது முறையாக எழுதினேன். 'காலஞ்சென்ற' என்ற வார்த்தைக்கு அந்தக் கட்டத்தில் இடம் இருந்தது. பேனா அங்கே நின்றது. பிறகு அதை விட்டுவிட்டு 'மனைவி' என்று மட்டும் எழுதினேன். விதிப்படி அது குறைதான்.

எழுதியதை முழுக்க, சத்தமாக வாசித்தேன். அவள் பெயர், தெரு, வயது, இன்னாருடைய மனைவி. அந்த வீட்டுக்குள் அந்தப் பெயரை யாராவது உரக்கச் சொல்லி எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ. அவள் கை நின்றது. தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது நீதானாம்மா?" என்றேன்.

"ஆங்," என்றாள்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. கோபமாக இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இத்தினிதானாங்க ஐயா? இதுக்கா அன்னிக்கி என்னத் திருப்பி அனுப்பினீங்க?"

ஆமாம் என்று சொன்னேன்.